கிரவுண்டைச் சீரமைத்த பிறகு முழு அளவு கால்பந்து ஆட இடம் இருக்குமா?

விருதம்பட்டுக்காரன்:
காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பக்கம் வரும் வழியில் எங்கள் கிரவுண்டு. நான் 28 வருஷமாக ஆடுகிறேன், இப்போது என் பையனும் ஆடுகிறான். மழை பெய்தால் தெற்கு கோல் போஸ்ட் முன்னால் குளம் கட்டிக்கொள்ளும். மற்ற நாளில் ஒரே புழுதி. அதனால் சீரமைக்கப் போகிறார்கள் என்றதும் ரொம்ப சந்தோஷப்பட்டேன். போன வாரம் வரைபடம் காட்டினார்கள். சுற்றிலும் நடைபாதை, ஒரு பக்கம் கேலரி, நடுவில் கம்பிவலைக்குள் செயற்கைப் புல், மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் ஷிப்ட் முடிந்து நேராக கிரவுண்டுக்கு வரும் பையன்களும், பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளும் வாடகைக்கு எங்கே போவார்கள்? திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம். மனுவில் என்னென்ன எழுதலாம்?

பழைய பி.டி. மாஸ்டர்:
தம்பி, முதலில் டேப் எடுத்து அளந்து பாருங்கள். பெரியவர்கள் ஆடும் களம் விதிப்படி நீளத்தில் 90 முதல் 120 மீட்டர், அகலத்தில் 45 முதல் 90 மீட்டர் இருக்க வேண்டும். நடைபாதையும் கேலரியும் போக மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். "எங்கள் கிரவுண்டு எங்களுக்கு வேண்டும்" என்று எழுதுவதைவிட அந்த ஓர் எண் பேசும்.

விருதம்பட்டுக்காரன்:
சார், நேற்று சாயங்காலமே நாலு பேர் சேர்ந்து அளந்தோம். 98க்கு 52. கேலரிக்கு 6 மீட்டர், நடைபாதைக்கு இரண்டு பக்கமும் இரண்டரை இரண்டரை. அகலம் 41 ஆகிவிடுகிறது! அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடலாம். அணிக்குப் பதினொரு பேர் ஆடும் லெவன்ஸ் மேட்ச் இனி இங்கே நடக்காது.

சத்துவாச்சாரி அம்மா:
அண்ணா, கேலரி வேண்டாம் என்று தாராளமாக எழுதுங்கள். ஆனால் விளக்கும் கழிவறையும் வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் மகள் எட்டாவது படிக்கிறாள், இடது விங்கில் ஆடுவாள். கிரவுண்டில் கழிவறை இல்லை என்று தண்ணீரே குடிக்காமல் ஆடிவிட்டு வருகிறாள், நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில். இருட்டினால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். பையன்கள் அதற்கப்புறமும் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

புல்தரை வேலை பார்த்தவன்:
செயற்கைப் புல்லில் ரப்பர் துகள் போடுவார்கள். மே மாதப் பகலில் அதில் வெறுங்கால் வைக்க முடியாது, உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு பூட்ஸ் இருக்கிறது? எட்டு பத்து வருஷத்தில் அதை உரித்துப் புதிதாகப் போட வேண்டும், அந்தப் பணம் யார் தருவார்கள் என்று கேளுங்கள். அருகம்புல்லே போதும். பெர்முடா என்று கடையில் விற்பதும் அந்த இனம்தான். ஆனால் தண்ணீர் விஷயத்தை மறைக்கக் கூடாது. வாரத்துக்கு 25 மி.மீ. பாய்ச்சினாலும் உங்கள் 98க்கு 52 இடத்துக்குச் சுமார் 1,27,000 லிட்டர் ஆகும். 12,000 லிட்டர் லாரி என்றால் பத்துக்கு மேல். கோடையில் இதுவும் போதாது. அதனால் போர்வெல்லை மனுவிலேயே கேட்டுவிடுங்கள். குளம் கட்டுவதற்குக் காரணம் தரை மட்டம். நடுவை 26 செ.மீ. உயர்த்தி இரண்டு பக்கமும் சரிவு கொடுத்தால், அதாவது நூற்றுக்கு ஒன்று, தண்ணீர் ஓரத்துக்கு வடியும். அங்கே கால்வாய் வேண்டும். ஜூன், ஜூலையில் புல் நட்டால் மழைக்காலத்துக்குள் வேர் பிடித்துவிடும்.

பழைய பி.டி. மாஸ்டர்:
இன்னொன்று. அந்த இடம் அ-பதிவேட்டில், அதாவது வருவாய்த் துறையின் நிலப் பதிவேட்டில், என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்றும் பாருங்கள். திட்ட மதிப்பீட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்.

விருதம்பட்டுக்காரன்:
நன்றி சார், நன்றி நண்பரே. அம்மா, விளக்கும் பெண்களுக்குக் கழிவறையும் இப்போது மனுவில் முதல் வரி, உங்கள் மகள் தண்ணீர் குடிக்காமல் ஆடுவதைப் படித்ததும் மாற்றி எழுதினேன். அடுத்தது 41 மீட்டர் கணக்கு. கேலரியை எடுத்துவிட்டு நடைபாதையை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் 49.5 மீட்டர் மிஞ்சும் என்று படமும் வரைந்திருக்கிறோம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு கிரவுண்டில் கையெழுத்து வாங்குகிறோம், உங்கள் மகளையும் கூட்டி வாருங்கள்.