புதுப்பிப்பு: வழக்கு மேற்கோளில் அடைப்புக்குறி மாறுவது ஏன்?

ஆஸ்கோலா (பிரிட்டிஷ் சட்ட எழுத்துகளில் பயன்படும் மேற்கோள் விதிமுறை) முறையில் மேற்கோள் எடுத்தால், மேற்கோள்களைத் தயாரிக்கும் மென்பொருள் ஆண்டுக்குத் தப்பான அடைப்புக்குறி போடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

டொனஹூ எதிர் ஸ்டீவன்சன் [1932] ஏசி 562 என்ற வழக்கைப் பாருங்கள். ஏசி என்பது தீர்ப்புகளை வெளியிடும் தொகுப்பு, 562 பக்க எண். ஆண்டை வைத்துத்தான் அந்தத் தொகுப்பைத் தேட முடியும், அதனால் சதுர அடைப்பு. தொகுதி எண்ணே போதுமென்றால் வளைவு அடைப்பு. சரி, வைட் எதிர் வைட் [2001] 1 ஏசி 596? இதில் ஆண்டு, தொகுதி எண் (1) இரண்டுமே தேவை, அதனால் சதுர அடைப்புதான் சரி. ஆனால் தொகுதி எண்ணைக் கண்டதுமே மென்பொருள் வளைவு அடைப்புக்கு மாறிவிடுகிறது! இப்படிப்பட்டவற்றை இப்போது கையால் திருத்துகிறேன்.

அப்புறம், சாட்ஜிபிடியிடம் கேட்கச் சொன்னவர்களுக்கு: மன்னிக்கவும், மாட்டேன். அது இட்டுக்கட்டிய வழக்குகளை மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 2023இல் நியூயார்க் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.