கிரேட் கோகோ தீவை இலவசச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய முடியுமா?

செல்லூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இதழியல் கடைசி வருடம் படிக்கிறேன். அந்தமானுக்கு வடக்கே மியான்மருக்குச் சொந்தமான கிரேட் கோகோ தீவு இருக்கிறதல்லவா, அங்கே ஓடுபாதையை 2,300 மீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள், விமானக் கொட்டகைகள் கட்டியிருக்கிறார்கள் என்று 2023 மார்ச்சில் லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம், மாக்சார் என்ற தனியார் செயற்கைக்கோள் நிறுவனத்தின் படங்களோடு ஒரு கட்டுரை போட்டது. அதற்கப்புறம் என்ன நடந்திருக்கிறது என்று நானே பார்த்து எழுதுவதுதான் என் புராஜெக்ட். மாக்சார் படம் காசு கொடுத்து வாங்க வழியில்லை. கூகுள் எர்த்தில் எது பழசு எது புதுசு என்றே பிடிபடவில்லை, ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் கண்ணில் புரை விழுந்த மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிகிறது. இதை வைத்து உருப்படியாக எதையாவது சொல்ல முடியுமா? அது சீனாவின் உளவுத் தளம்தான் என்று நிரூபித்துவிடு என்கிறார் எங்கள் சார். இதையெல்லாம் நோண்டினால் போலீஸ் வம்பு வருமோ என்று வீட்டில் வேறு பயப்படுகிறார்கள்.

திருமங்கலத்தான்:
தம்பி, முதலில் கோகோவை மூடி வை, நம்ம மதுரை விமான நிலையத்தைத் திற. ஓடுபாதை நீளம் 2,285 மீட்டர், அகலம் 45. அந்தத் தீவில் இருப்பதும் கிட்டத்தட்ட இதே நீளம்தான். கூகுள் எர்த் புரோவில் அளவுகோலை இழுத்து அளந்து பார், சரியாக வந்தால் கை பழகிவிட்டது. அதே இடத்தைச் சென்டினல்-2 படத்தில் பார். அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர், ஆக ஓடுபாதை அகலவாக்கில் நாலைந்து புள்ளிதான், நிற்கிற ஏர்பஸ் 320 மூன்று நாலு புள்ளியில் ஒரு வெள்ளைக் கறை. விமானம் என்று ஊகிக்கலாம், என்ன விமானம் என்று சொல்லவே முடியாது. இது தெரியாமல்தான் யூடியூபில் ஆளாளுக்கு அந்தக் கறையைச் சுற்றி வட்டம் போட்டு ‘இதோ போர் விமானம்’ என்கிறார்கள்.

சென்டினலிடம் கூர்மையைக் கேட்காதே. அது அடிக்கடி வரும், அதுதான் அதன் பலம். ஐந்து நாளைக்கு ஒரு படம், கோபர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் இலவசம். எந்த மாதம் காட்டை வெட்டினார்கள், எந்த மாதம் தளம் போட்டார்கள் என்பதை அதில் பிடி, கட்டடத்தின் உருவத்தைக் கூகுள் எர்த்தின் பழைய படங்களில் பார். அகச்சிவப்புக் கலவையில் போட்டால் செடிகொடி எல்லாம் சிவப்பாகிவிடும், வெட்டிய தரை தனியாகப் பளிச்சென்று தெரியும். மேலூர் பக்கத்துக் கிரானைட் குவாரிகளை வருடவாரியாக இப்படி ஓட்டிப் பார், கண் தானாகப் பழகும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பக்கம் மேகம்தான், டிசம்பரிலிருந்து மார்ச் வரை உள்ள படங்களை எடு. மேகத்தை ஊடுருவ வேண்டுமென்றால் சென்டினல்-1 ராடார் இருக்கிறது, அதில் கடல் கறுப்பாகவும் கப்பல் வெள்ளைப் பொட்டாகவும் தெரியும்.

அப்புறம் ஒன்று, கூகுள் எர்த்தில் ஒரே திரையில் தெரிவது வேறு வேறு தேதிப் படங்களை ஒட்டியதாக இருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது கீழே இருக்கிற தேதியை வெட்டிவிடாதே.

உசிலம்பட்டி பட்டாளத்தான்:
உங்கள் சாரிடம் இதைச் சொல்லுங்கள் தம்பி. கோகோவில் சீனாக்காரன் ஒட்டுக்கேட்கிறான் என்ற பேச்சு 1990களிலிருந்தே இருக்கிறது. 2005இல் நம் கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் அருண் பிரகாஷே அப்படி ஒரு நிலையம் அங்கே இல்லை என்று உறுதியான தகவல் இருப்பதாகச் சொன்னார். நீங்கள் சொல்கிற 2023 கட்டுரையும் உளவுத் தளம் கட்டுகிறதா என்று கேள்விக்குறியோடுதான் தலைப்பு வைத்தது. மியான்மர் ராணுவ அரசு அதை மறுத்தது. கொட்டகை இருப்பதைப் படம் காட்டும், உள்ளே உட்கார்ந்திருப்பவன் எந்த நாட்டுச் சட்டை போட்டிருக்கிறான் என்று காட்டாது. அதை நிரூபிக்கிறேன் என்று இறங்கினால் புராஜெக்ட் கெட்டுப்போகும்.

ஆள் எவ்வளவு இருக்கும் என்று கட்டடத்தை எண்ணிச் சொல்லாதீர்கள். ஒதுக்குப்புற முகாமில் தண்ணீரும் டீசலும்தான் கணக்கு. தொட்டி கூடியிருக்கிறதா, எண்ணெய் டாங்கி புதிதா, வண்டித் தடம் தேய்ந்து வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். தடத்தில் புல் மூடிக் கிடந்தால் முகாம் பேருக்குத்தான். 2018இல், ஓடுகிறவர்களின் பாதையைப் பதிவு செய்கிற ஸ்ட்ராவா செயலியின் வரைபடம் சிக்கியதே, பாலைவனத்துக்குள் சிப்பாய்கள் ஓடிப் பழகிய பாதையே முகாமைக் காட்டிக் கொடுத்துவிட்டது. இங்கேயும் கண்ணை நடமாட்டத்தின் மேல் வையுங்கள்.

தெற்குமாசி:
வம்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. வெளிநாட்டு இடத்தை எல்லோருக்கும் கிடைக்கிற படத்தில் பார்த்து எழுதுவது பத்திரிகைக்காரர்கள் தினமும் செய்வதுதான். ஆனால் ஒப்பிட்டுக் காட்டுகிறேன் என்று அந்தமானில் நம் தளங்களுக்கு அம்புக்குறி போட்டு வெளியிட்டுவிடாதே. 1923ஆம் வருட அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

கோபுரம், ஆன்டெனா உயரம் வேண்டுமென்றால் நிழலை அள. நிழல் நீளத்தைச் சூரிய உயரக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கு. கூகுள் எர்த் தேதிதான் தரும், நேரம் தராது. ஆனால் நிழல் விழும் திசையை, சூரியன் இருக்கும் இடத்தைக் காட்டுகிற சன்கால்க் தளத்தில் பொருத்தினால் நேரமும் அந்தக் கோணமும் கிடைத்துவிடும். மீனாட்சி அம்மன் கோவில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி, அதில் போட்டுப் பழகு.

செல்லூர்க்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றி ஐயா. ஓடுபாதை அளவு சரியாக வந்துவிட்டது. கோபுரம்தான் எப்படிப் போட்டாலும் உயரம் குறைவாக வருகிறது.

தெற்குமாசி:
நிழல் நுனி கட்டடத்து மேல் ஏறியிருக்கும், அதான் குறைகிறது. நிழல் முழுக்கச் சமதரையில் விழுகிற படம் கிடைத்தால் பார், இல்லையென்றால் ரிங்ரோடு ஓரம் வெறும் தரையில் நிற்கிற செல்போன் டவரை அள. தீவிலும் மரத்து மேல் விழுகிற நிழலைத் தொடாதே, ஓடுபாதையை ஒட்டி நிற்பதை மட்டும் எடு.