சீரம் பாட்டிலைத் திருப்பிப் படித்த கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கொருக்குப்பேட்டைக்காரி:

போன வருடம் ஆடித் தள்ளுபடி சமயம். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. பரு வந்து போன இடமெல்லாம் கன்னத்தில் கறுப்புக் கறுப்பாகத் தங்கியிருந்தது. புடவைக்குப் பில் போட வந்த ஒரு அம்மா, "ஏம்மா, மூஞ்சியில என்ன இப்படி?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரியே போனில், முகத்தில் பூசுகிற சீரம் மூன்று ஆர்டர் போட்டுவிட்டேன். மூன்றும் சேர்ந்து 1,700 ரூபாய். வீட்டில் 600 என்று சொன்னேன்.

முன்பக்கத்தில் மூன்றும் ஒன்றையே சொல்லின: பளபளப்பு, ஒளி, சீரான நிறம். பின்பக்கம் பொடி எழுத்து. போன் கேமராவில் பெரிதாக்கி ஒவ்வொரு பெயராகத் தேடிப் படித்தேன். முதல் பாட்டிலில் தண்ணீருக்கு அடுத்த பெயரே நியாசினமைடு, 10% என்று போட்டிருந்தது. இன்னொன்றில் ஆல்பா அர்புடின் 2%, கூடவே கோஜிக் ஆசிட், அதிமதுரச் சாறு. மூன்றாவதில் பெரிய ஆரஞ்சுப் பழப் படம், "வைட்டமின் சி" என்று கொட்டை எழுத்து. உள்ளே போனால் தண்ணீர், கிளிசரின், ஏதேதோ, அப்புறம் ஃபீனாக்ஸிஎத்தனால், வாசனை, ஆரஞ்சுச் சாறு, கடைசிக்கு முந்தின இடத்தில் சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட். அதுதான் அந்த வைட்டமின் சி.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அளவு கூடியது முதலில் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். அதற்குக் கீழே இருப்பதை எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் சீரம் கெடாமல் இருக்கச் சேர்ப்பது, அதிகபட்சமே 1% தான். அதற்குப் பின்னால் ஒரு பொருள் வந்தால் அது 1 சதவீதத்தைத் தாண்டாது என்று வைத்துக்கொள்ளலாம். அண்டா பிரியாணியில் ஒரு இழை குங்குமப்பூ போட்டுவிட்டு, போர்டில் குங்குமப்பூ பிரியாணி என்று எழுதினால் எப்படி? அப்படித்தான் இருந்தது என் ஆரஞ்சுப் பாட்டில். கடைசியில் வருவதெல்லாம் ஏமாற்று என்றும் இல்லை. ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) மாதிரி சில பொருட்கள் அரை சதவீதத்திலேயே வேலை செய்யும். வைட்டமின் சி அந்த ரகம் இல்லை.

எது என்ன செய்கிறது என்பது எனக்குப் புரிந்தது இப்படி. தோலுக்கு நிறம் தரும் மெலனினை அடியில் இருக்கும் ஒரு வகை செல் தயாரித்து, பொட்டலம் பொட்டலமாக மேலே இருக்கும் செல்களுக்கு அனுப்புகிறது. அர்புடினும் கோஜிக்கும் தயாரிப்பிலேயே கை வைக்கும். டைரோசினேஸ் என்ற நொதியை மட்டுப்படுத்தும். வைட்டமின் சியும் ஓரளவு அந்த வேலையைத்தான் செய்கிறது. நியாசினமைடு தொழிற்சாலைப் பக்கம் போவதில்லை, சரக்கு வெளியே போகும் வழியை மறிக்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இவ்வளவு படித்த பிறகும் முட்டாள்தனம் செய்தேன். மூன்றையும் ஒரே ராத்திரியில் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டேன். நாலாம் நாள் கன்னம் எரிந்து தோல் உரிந்தது. நம் மாநிறத் தோலில் எரிச்சல் வந்தால் அது ஆறும்போது கறுப்பை விட்டுவிட்டுத்தான் போகும். பழைய கறுப்போடு புதுக் கறுப்பும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு மாதம் வெறும் மாய்ஸ்சரைசர். அப்புறம் நியாசினமைடு மட்டும், அதுவும் ஒன்று விட்டு ஒரு நாள். ஆராய்ச்சிகளில் பலன் காட்டிய அளவு 2 முதல் 5 சதவீதம்தான். 10% என்றால் இரண்டு மடங்கு பலன் கிடையாது, எரிச்சல் வேண்டுமானால் கூடும். இது தெரிந்தபோது 10% காலி பாட்டில் கையில் இருந்தது.

உங்களுக்கு என்ன நடந்தது?

வியாசர்பாடி தம்பி:

அக்கா, நான் டெலிவரி வேலை பார்க்கிறேன், முழு நாளும் வெயில்தான். எனக்கு வாய்த்தது நிஜமான வைட்டமின் சி, எல்-அஸ்கார்பிக் ஆசிட் 15%. நல்ல சரக்குதான், ஆனால் ரொம்ப நோஞ்சான். பி.எச். 3.5-க்குக் கீழே புளிப்பாக இருந்தால்தான் தோலுக்குள் இறங்கும். அதனால்தான் போட்டதும் சுரீர் என்கிறது. காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் அதற்கு ஆகாது. எங்கள் வீடு மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை. மே மாதம் உள்ளே எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாங்கும்போது தண்ணீர் மாதிரி இருந்தது, ஆறாவது வாரம் டீக்கடை டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. காசு போட்டோமே என்று அதையும் பூசினேன். தலையணை உறைதான் மஞ்சளானது.

இப்போது சின்ன பாட்டிலாக வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கிறேன். அம்மா எடுத்துப் பார்த்து, "கண்ணுக்கு விடுற சொட்டா?" என்று கேட்டதில் பயந்துபோய், பிளாஸ்திரி ஒட்டி "முகம்" என்று பேனாவால் எழுதியிருக்கிறேன்.

ராயபுரத்திலிருந்து, பெயர் வேண்டாம்:

நீங்கள் எல்லோரும் பொருள் பெயராவது படித்தீர்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது சொந்தக்காரப் பெண் ஒரு ட்யூப் க்ரீமைக் கொடுத்தாள். "சீரமெல்லாம் மூணு மாசம் ஆவும், இது அஞ்சு நாளு" என்றாள். உண்மையாகவே அஞ்சு நாளில் முகம் வெளுத்தது. கல்யாண ஆல்பத்தில் என்னைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியாது. கடையில் சீட்டு கேட்காமல் கொடுத்தார்கள், எட்டு மாதம் போட்டேன். ஒரு நாள் போடாவிட்டால் முகம் தணல் மாதிரி எரியும், திரும்பப் போட்டால் அடங்கும். கன்னத்தில் பூனை முடி வளர்ந்தது, சின்னச் சின்னச் சிவப்பு நரம்புகள் தெரிந்தன.

தோல் டாக்டர் ட்யூபைப் பார்த்து மூன்று பெயர்களைப் படித்தார்: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மோமெட்டாசோன். மூன்றாவது ஸ்டீராய்டு. மூன்றும் சேர்ந்த இந்த க்ரீம், மங்குக்கு டாக்டர் பார்வையில் சில வாரம் மட்டும் தருகிற மருந்தாம். நான் பவுடர் மாதிரி தினமும் பூசியிருக்கிறேன். அதிலிருந்து வெளியே வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இன்றும் வெயிலில் போனால் கன்னம் சிவக்கிறது. அந்த ஆல்பத்தை நான் எடுப்பதே இல்லை.

பெரம்பூர் மெடிக்கல்:

14 வருடமாகக் கவுன்டரில் நிற்கிறேன். மேலே எழுதிய தங்கச்சிக்கு நடந்தது எங்கள் தொழிலுக்கே வெட்கம். 2018-இலேயே இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களை அட்டவணை எச்-இல் சேர்த்துவிட்டார்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. ட்யூபில் பீட்டாமெத்தாசோன், மோமெட்டாசோன், குளோபெட்டாசால் என்ற பெயர் எதுவாவது இருந்தால் அது அழகு க்ரீம் இல்லை, மருந்து.

பெயரே இல்லாத டப்பா இதைவிட மோசம். கேரளாவில் மலப்புறம் பக்கம், சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் சிறுநீரகக் கோளாறோடு வந்ததை 2023 வாக்கில் டாக்டர்கள் கவனித்தார்கள். காரணம் பாதரசம். மெலனின் தயாரிப்பைப் பாதரசமும் தடுக்கும், அதனால்தான் சீக்கிரம் வெளுக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் முகவரி, பதிவு எண் இரண்டும் லேபிளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடாதீர்கள், யார் கொண்டுவந்து கொடுத்தாலும் சரி.

இப்போது சீரத்தில் வருகிற டிரானெக்ஸாமிக் ஆசிட் எங்களுக்குப் பழைய சிநேகிதன். மாதவிடாயில் உதிரம் அதிகம் போனால் டாக்டர்கள் எழுதுகிற மாத்திரை அதேதான். 1960-களில் ஜப்பானில் ரத்தக்கசிவை நிறுத்தக் கண்டுபிடித்தது, மங்குக்குப் பயன்படும் என்பது பின்னால் தெரிந்தது. பூசுவது வேறு, விழுங்குவது வேறு. "மங்குக்கு அந்த மாத்திரை குடுங்க அண்ணே" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். ரத்தம் உறைகிற தொந்தரவு இருப்பவர்களுக்கு அது ஆபத்து. மாசமாக இருப்பவர்களுக்குத் தோல் டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவது அசெலாயிக் ஆசிட். ரெட்டினால் பக்கம் அவர்கள் போகவே வேண்டாம்.

திருவொற்றியூர் அம்மா:

என் மகளுக்குக் கழுத்துதான் கறுப்பு. அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன், பாவம் பிள்ளை. அப்புறம் ஆல்பா அர்புடின் இரண்டு பாட்டில். ஒன்றும் ஆகவில்லை. கழுத்துத் தோல் தடித்து வெல்வெட் துணி மாதிரி இருந்தது. டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எடையையும் சர்க்கரையையும் பார்க்கச் சொன்னார். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் கழுத்தும் அக்குளும் இப்படிக் கறுக்குமாம். இப்போது அவள் சாயங்காலம் பீச் ரோட்டில் நடக்கிறாள், பரோட்டாவைக் குறைத்திருக்கிறோம். எடை ஐந்து கிலோ குறைந்ததும் கழுத்து தானாக வெளுக்க ஆரம்பித்திருக்கிறது.

கொருக்குப்பேட்டைக்காரி:

ராயபுரம் அக்கா, இதை இவ்வளவு தூரம் எழுதியதற்கே நன்றி. எங்கள் கடையிலேயே இரண்டு பேர் அந்த மாதிரி ட்யூப் வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியதை நாளைக்கு அவர்களிடம் படித்துக் காட்டப் போகிறேன்.

தம்பி, வெயிலில் வேலை என்றால் முதலில் சன்ஸ்கிரீனுக்குக் காசு போடுங்கள், மிச்சத்தில் சீரம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். நம் மாதிரி தோலைப் புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுக்க வைக்கும். அயர்ன் ஆக்சைடு சேர்த்த, லேசான தோல் நிறச் சன்ஸ்கிரீன் அதையும் ஓரளவு தடுக்கும். நான் அதற்கு மாறிய பிறகுதான் பருக் கறுப்பு மங்கத் தொடங்கியது, மூன்றாவது மாதத்தில்.

காசிமேட்டில் மீன் விற்கிற என் சித்தியிடமும் ஒன்று கொடுத்தேன். விடியற்காலை போய் மதியம் வரை வெயிலில் உட்காருகிறவர். விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு, "எனக்கு எதுக்குடி, வஞ்சிரம் என் மூஞ்ச பாத்தா விலை போவுது?" என்றார். ஆனால் ட்யூபைத் திருப்பித் தரவில்லை.

அந்த ஆரஞ்சுப் பாட்டிலைத் தங்கச்சி கைக்கும் காலுக்கும் தேய்த்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். வாசனை மட்டும் நன்றாக இருக்கிறது.