2030க்குள் 70 சதவீதம் என்கிறார்கள், சோலாரை நிறுத்தவும் சொல்கிறார்கள்

வாவிக்கரையான் (மட்டக்களப்பு):
2030க்குள் இலங்கையின் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி, 2050க்குள் காபன் நடுநிலை. ஆட்சி மாறினாலும் இந்த இலக்கு மாறவில்லை. ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு நேரம் நடந்ததைப் பாருங்கள். விடுமுறையில் பாவனை குறைவு, லைனில் கரண்ட் மிச்சம் என்று, ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. வெயில் கொளுத்துகிற மாதம், பேனல் நன்றாக உழைக்கிற நேரம். 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற கூரைச் சோலார் திட்டத்தைத் தொடங்கி, லைனுக்குக் கொடுக்கிற யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா தருவோம் என்றார்கள். அதை நம்பித்தான் எத்தனையோ பேர் வங்கியில் கடன் எடுத்துக் கூரையில் போட்டார்கள். உற்பத்தியை நிறுத்தச் சொன்னார்கள், கடன் தவணையை யாரும் நிறுத்தவில்லை. இலக்கை அறிவிக்க முதல் லைனையும் பற்றரியையும் யோசித்திருக்க வேண்டாமா?

கரடியனாறு விவசாயி:
இலக்கே பிழை என்கிறேன் நான். உலகம் வெளிவிடும் காபனில் இலங்கையின் பங்கு 0.1 சதவீதம்கூட இல்லை. பணக்கார நாடுகள் நூறு வருடத்துக்கு மேல் நிலக்கரி எரித்து வளர்ந்துவிட்டு இப்போது எல்லாருக்கும் தேதி குறிக்கின்றன. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் 900 மெகாவாட் இல்லாமல் இரவில் எப்படி லைட் எரியும்? அப்புறம் காணி. நம்ம மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனையில் மாடு மேய்க்க இடமில்லை என்று பண்ணையாளர்கள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். இதற்கு மேல் சோலார் பூங்கா என்று ஏக்கர் ஏக்கராக எடுத்தால் மாடுகளை எங்கே சாய்க்கிறது? மன்னாரில் காற்றாலை வேண்டாமென்று சனம் ரோட்டில் இறங்கியதையும் பார்த்தோம்.

அக்கரைப்பற்று நானா:
தம்பி, 2022 மார்ச் மறந்துபோச்சா? 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ஏன்? டீசலுக்கும் மற்ற எரிபொருளுக்கும் கொடுக்க டொலர் இல்லை, கப்பல் வந்து நின்றும் இறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆகஸ்ட்டில் பில் 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66. வெயிலை இறக்குமதி செய்ய வங்கியில் எல்.சி. (கடன் கடிதம்) திறக்கத் தேவையில்லை. நமது இங்கினியாகலையில் 1950களில் இருந்து சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறோம், அதையும் வெளிநாட்டுக்காரன் சொன்னதென்று விட்டுவிடுவோமா? காபன் கணக்கை விடுங்கள். நம்முடைய கடன் கணக்குக்காகவே இது தேவை. காணி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். கூரைகளை முதலில் நிரப்பட்டும்.

வாவிக்கரையான்:
நானா, கூரை நிரம்பினால் போதாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதியை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பகல், தொழிற்சாலைகள் மூடியிருக்கின்றன, பாவனை குறைவு, லைனில் சோலார் நிறைய. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்னார். எங்கோ ஒரு இடத்துக் கோளாறில் நாடு முழுக்கக் கரண்ட் ஏன் போக வேண்டும்? பெரிய சுழலிகள் ஓடும்போது அவற்றின் பாரமே சில விநாடிக்கு லைனைத் தாங்கிப் பிடிக்கும். கூரைச் சோலாரில் சுழல்கிற பாரம் எதுவும் கிடையாது. லைன் ஆடினவுடன் இன்வேட்டர்களும் தாமாகவே கழன்றுவிடும். அன்றைக்கு நுரைச்சோலையின் 3 இயந்திரங்களும் நின்று, அடுத்த நாட்களும் முறை வைத்துக் கரண்டை வெட்டினார்கள். இதைத் தாங்குகிற பற்றரி இல்லாமல் இலக்கை மட்டும் 70க்கு ஏற்றினால் பழி கூரைக்காரன் தலையில்தான் விழும்.

சம்மாந்துறை மில்:
மூன்று பேரும் சொல்லாத ஒன்று. எங்கள் மில்லில் நெல் அவிக்கிற பொயிலர் உமியில் எரிகிறது, அவித்த நெல் தளத்தில் வெயிலில் காய்கிறது. குத்துகிற மோட்டருக்கும் பொலிஷருக்கும்தான் லைன் கரண்ட். நேரத்துக்கு நேரம் ரேட் மாறுகிற பில்லில் எனக்கு மலிவு எப்போது தெரியுமா? இரவு 10.30 முதல் விடிய 5.30 வரை. சூரியன் உச்சியில் நிற்கும்போது ரேட் கூட. அதனால் ஆட்களை இரவில் மினக்கெடுத்தி மோட்டரை ஓட்டுகிறேன். பகலில் கரண்ட் மிச்சம் என்று கூரையை நிறுத்தச் சொல்கிறவர்கள் பகல் ரேட்டைக் குறைத்தால், மில்லும் வாழைச்சேனை ஐஸ் பெக்டரியும் தண்ணீர்ப் பம்பும் பகலுக்கு மாறாதா? இதற்குப் பற்றரியும் வேண்டாம், புது லைனும் வேண்டாம்.

கரடியனாறு விவசாயி:
இது நியாயம். ஆனால் நானாவுக்கு ஒரு கேள்வி. பேனல், இன்வேட்டர், இனி வரப்போகிற பற்றரி எல்லாமே இறக்குமதி. அதற்கும் டொலர்தானே?

அக்கரைப்பற்று நானா:
டொலர்தான், மறுக்கவில்லை. பேனலை ஒருதரம் வாங்கினால் இருபது வருடத்துக்கு மேல் ஓடும். நிலக்கரிக் கப்பல் எரித்து முடிய முன்னமே அடுத்த கப்பலுக்குக் காசு கேட்கும். அந்த வித்தியாசம் பெரிது.

கரடியனாறு விவசாயி:
சரி, பகல் ரேட்டைக் குறைக்கச் சொல்லி எழுதுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் 70 சதவீதத்தைக் காட்டி மேய்ச்சல் தரையை அளக்க வந்தால் மறிக்கிற ஆட்களில் நானும் நிற்பேன்.

சம்மாந்துறை மில்:
நான் எழுதித் தருகிறேன். கல்முனைப் பக்கம் ஐஸ் பெக்டரிக்காரர் யாராவது இருந்தால் இரவு பில்லையும் பகல் பில்லையும் இங்கே போடுங்கள், கணக்கோடு அனுப்புவோம்.