ஒரே மீடியாவா (கரு வளரும் ஊட்டத் திரவம்), 3-ம் நாள் மாற்றுவதா? கருவளர்ப்பு லேப் நண்பர்களிடம் ஒரு உதவி

வணக்கம். மதுரையில் ஐவிஎஃப் லேப். 3-ம் நாள் மாற்றும் இருகட்ட மீடியாவையும், 5-ம் நாள் வரை மாற்றாத ஒருகட்ட மீடியாவையும் ஒப்பிடப் போகிறோம். ஒரே தம்பதியின் கருவுற்ற முட்டைகளைக் குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரிப்போம். எண்ணெய், டிஷ், இன்குபேட்டர் எல்லாம் ஒன்றே.

பெரிய கவலை, டிஷ்ஷில் எண்ணெய்க்கு அடியில் கருவை வைக்கும் மீடியா சொட்டுதான். எங்கள் பெஞ்ச்டாப் (மேசை மேல் வைக்கும் சிறு இன்குபேட்டர்) ஈரப்பதம் தராத வகை. 25 மைக்ரோலிட்டர் சொட்டின் மேல் எண்ணெய் மெலிந்தால் நீர் ஆவியாகி ஆஸ்மோலாலிட்டி (கரைந்த பொருள்களின் செறிவு) ஏறும். எண்ணெய் ஊற்றுமுன் சூடான ஸ்டேஜில் (வேலைத் தட்டில்) சில நிமிடம் விட்டாலே போதும், கெடுதல் தொடங்கிவிடும். ஒருகட்ட மீடியாவில் 5 நாளும் அதே சொட்டு. உண்மையில் தவறு சொட்டில் இருக்க, பழி மீடியா மேல் விழுந்துவிடும். 50 மைக்ரோலிட்டர் வைப்பவர்கள் எண்ணெய் எத்தனை மில்லி ஊற்றுகிறீர்கள்? டிஷ் அளவையும் சொல்லுங்கள்.

அடுத்தது பிஹெச் (அமில-காரத் தன்மை). இரண்டு மீடியாவிலும் பைகார்பனேட் அளவு வேறு. ஒரே 6% கார்பன் டை ஆக்சைடு வைத்தால் பிஹெச் ஒன்றாக இராது. வாயுவைச் சமமாக வைப்பதா, இன்குபேட்டரின் அறைக்கு அறை வாயுவை மாற்றி இரண்டையும் 7.3-க்குக் கொண்டுவருவதா? எனக்கு இரண்டாவதே நியாயமாகப் படுகிறது.

மே மாத வெயிலில் மீடியா வரும் கூரியர் பெட்டி 2–8 டிகிரியில் நிற்கிறதா என்று டேட்டா லாகர் (வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி) வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள்.