தேர்வு முடிவின் தாமதத்தையும் வேலையின்மைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

கேள்வி

என் அக்காள் மகன் கணிதத்தில் இளங்கலை முடித்து ஐந்து ஆண்டுகளாகின்றன. கிளை நூலகம் திறக்கும் முன்பே, பள்ளிப் பாடநூல்களையும் சாப்பாட்டு டப்பாவையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு வாசலில் நிற்பான். அரசு வேலைக்காக அவன் எழுதிய, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 2 முதல்நிலைத் தேர்வு 2022 மே மாதம் நடந்தது. முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரியில் நடந்தது. அதன் முடிவு வந்ததோ 2024 ஜனவரியில். இடையில் கிடைத்த கணக்கர் வேலையை, "ரிசல்ட் வந்துவிடட்டும், மாமா" என்று சொல்லி மறுத்துவிட்டான்.

2023–24ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 29 வயதினரிடையே வேலையின்மை 10.2 விழுக்காடு, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரையும் சேர்த்தால் 3.2 விழுக்காடுதான். நிர்வாகம் தன் வேலையை நேரத்தில் முடிக்காததும் இந்த இடைவெளிக்கு ஒரு காரணமா, அல்லது வீட்டுக் கவலையைப் பொருளாதாரமாக நினைத்துக்கொள்கிறேனா?

பதில் 1

தங்கள் ஐயத்துக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2001 நவம்பரில் நிதி நெருக்கடியைக் காட்டி, காவல், மருத்துவம், ஆசிரியர் போன்ற சில பணிகள் நீங்கலாக, ஆளெடுப்பை மாநில அரசு நிறுத்தியது; தடை விலகியது 2006இல். இதை ஆராய்ந்த பொருளியலாளர் குணால் மங்கல், அக்காலத்தில் பட்டம் பெற்ற ஆண்கள் வேறு வேலைக்குத் திரும்பவில்லை என்றும், மாறாகத் தேர்வுத் தயாரிப்பிலேயே கூடுதல் காலம் தங்கினார்கள் என்றும், அதன் பாதிப்பு அவர்களுடைய பிற்கால வருவாயிலும் தெரிந்தது என்றும் காட்டுகிறார். கதவு எப்போது திறக்கும் என்று தெரியாதபோது, திறக்கும் நாளில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்ற எண்ணமே மேலோங்குகிறது.

இன்னொன்று: வேலை தேடாமல் "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்பவர் வேலையற்றோர் கணக்கில் வரமாட்டார். தங்கள் மருமகன் அந்த 10.2க்குள் இல்லாமலும் இருக்கலாம்.

பதில் 2

தாமதத்தைவிட நேர்மைக் குறைவு மோசமானது. 2019 செப்டம்பர் 1 அன்று நடந்த குரூப் 4 தேர்வில், இராமேசுவரம், கீழக்கரை மையங்களில், எழுதிய சில மணி நேரத்தில் அழியும் மையைப் பயன்படுத்தி விடைத்தாளில் மோசடி நடந்தது தெரியவந்து, 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. நேர்மையாக நடக்கும் தேர்வு, தோற்றவனிடம் "உனக்கு இது சரிப்படவில்லை, வேறு வழியைப் பார்" என்று சொல்லிவிடும். முறைகேடு வெளிவந்த பிறகு தோற்றவன் அந்தத் தோல்வியை எப்படி நம்புவான்? இன்னொரு முறை எழுதத்தான் செய்வான். உத்தரப் பிரதேசத்தில் 60,244 காவலர் பணியிடங்களுக்கான 2024 பிப்ரவரித் தேர்வு, வினாத்தாள் கசிந்ததாக எழுந்த புகாரால் ரத்தாகி, ஆகஸ்டில் மீண்டும் நடந்தபோது இலட்சக்கணக்கானோருக்கு அரை ஆண்டு வீணாயிற்று.

பதில் 3

எல்லாவற்றையும் நிர்வாகத்தின் தலையில் கட்டிவிட முடியாது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் ஒழுங்காக நடக்கும் கேரளத்தில்தான் அதே கணக்கெடுப்பில் இளைஞர் வேலையின்மை 29.9 விழுக்காடு, மாநிலங்களில் அதுவே மிக அதிகம். நல்ல ஆட்சி படிக்க வைக்கிறது. படித்தவர் கிடைத்த வேலையை ஏற்காமல், தகுந்த வேலைக்குக் காத்திருக்கிறார். வீட்டில் வளைகுடாப் பணம் இருந்தால் காத்திருப்பு இன்னும் எளிது. தகுந்த வேலையைத் தரும் தொழில்கள் போதிய அளவில் வராததே அங்குள்ள குறை. அது தேர்வாணையத்தால் தீராது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கேரளத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தாமதம் இயல்பானது என்று மட்டும் இனி ஏற்கமாட்டேன். 2022 ஜூலை 24 அன்று நடந்த குரூப் 4 தேர்வின் முடிவுக்கு எட்டு மாதங்கள் ஆயின. 2024 ஜூன் 9 அன்று நடந்த அதே தேர்வின் முடிவு அக்டோபர் 28இலேயே வந்துவிட்டது. இரண்டு தேதிகளையும் இன்று மாலை அவனிடம் காட்டினேன். "வேகம் வந்துவிட்டதே, மாமா, அப்படியானால் இன்னும் ஒரு முறை எழுதிவிடுகிறேன்" என்கிறான்.