மரியோவைப் பின்னோக்கித் தாவவிட்டு ஆட்டத்தை முடிப்பது ஏமாற்று வேலையா?

கேள்வி: படிக்கட்டு

வணக்கம். ஸ்விட்ச் கருவிக்காக 2020 இல் வெளிவந்த ‘சூப்பர் மரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ்’ தொகுப்பில் உள்ள ‘சூப்பர் மரியோ 64’ ஆட்டத்தை, 14 வயதாகும் என் மகனும் நானும் மாறி மாறி ஆடி வருகிறோம். மொத்தம் 120 நட்சத்திரங்கள் உள்ள அந்த ஆட்டத்தில், 70 நட்சத்திரங்களைச் சேர்த்தவருக்குத்தான் கோட்டையின் இறுதிப் படிக்கட்டு முடிவுக்கு வரும். சேர்க்காதவர் எத்தனை படி ஏறினாலும் மேலே போய்ச் சேர முடியாது. ஒரு நட்சத்திரம்கூட எடுக்காத ஒருவர், அந்தப் படிக்கட்டில் மரியோவை முதுகுப் பக்கமாகவே தாவித் தாவி ஏறவிட்டு ஆட்டத்தை முடிக்கும் காணொளியை மகன் சென்ற வாரம் காட்டினான். அன்றிலிருந்து அவனும் முயன்று பார்க்கிறான். மரியோ படிக்கட்டிலேயே நின்றுவிடுகிறான்.

உருவாக்கியவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கும்போது அதை மீறி உள்ளே நுழைவது வெற்றி ஆகாது என்று அவனிடம் சொன்னேன். “அவர் ஆட்டத்தில் எதையும் மாற்றவில்லையே அப்பா, கொடுத்த பொத்தான்களைத்தானே அழுத்துகிறார்” என்றான். எனக்கு உடனே பதில் கிடைக்கவில்லை. நான் கணித ஆசிரியன். பாடநூலில் இல்லாத வழியில் விடைக்கு வந்த மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன் என்பதால் அவன் கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. அவன் செய்வதில் என்ன தவறு நேர்கிறது என்பதையும், இது ஏமாற்று ஆகுமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பழைய கார்ட்ரிட்ஜ்

ஐயா, தங்கள் மகனிடம் எந்தத் தவறும் இல்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். 1996 இல் வெளிவந்த முதற்பதிப்பில் இருந்த இந்த ஓட்டை, 1997 இல் ஜப்பானில் வெளியான ‘ஷிண்டோ’ பதிப்பில் அடைக்கப்பட்டுவிட்டது. தாங்கள் வைத்திருக்கும் தொகுப்பு அந்தப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அங்கே எத்தனை மாதம் முயன்றாலும் அது நடக்காது.

அதன் இயக்கத்தைத் தெரிந்துகொண்டால் ஆசிரியரான தங்களுக்கு மகிழ்ச்சியாகவே இருக்கும். நீளத்தாவல் செய்யும் ஒவ்வொரு முறையும் மரியோவின் வேகம் ஒன்றரை மடங்காகப் பெருக்கப்படுகிறது. அந்த வேகம் ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதற்காக நிரலில் ஒரு சோதனையும் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது முன்னோக்கிய வேகத்தை மட்டுமே சோதிக்கிறது, பின்னோக்கிய வேகம் குறை எண்ணாக இருப்பதால் அதன் கண்ணில் படுவதே இல்லை. படிக்கட்டில் கால் உடனுக்குடன் தரையைத் தொடுவதால், பொத்தானை அடுத்தடுத்து அழுத்தினால் ஒன்றரை மடங்கு மீண்டும் ஒன்றரை மடங்காகி, மரியோவை மேலே ஏறவிடாமல் தடுக்கும் இடத்தையே தாண்டிச் செல்லும் அளவுக்கு வேகம் ஏறிவிடுகிறது. பின்னோக்கிய நீளத்தாவல் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக இதைத்தான் ஆட்டக்காரர்கள் பிஎல்ஜே என்கிறார்கள்.

ஏமாற்றா என்ற கேள்விக்கு ஸ்பீட்ரன், அதாவது ஆட்டத்தை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கும் போட்டி, ஆடுபவர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். 120 நட்சத்திரம், 70 நட்சத்திரம், 16 நட்சத்திரம், ஒன்று, பூஜ்யம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். 70 நட்சத்திரப் பட்டியலில் பிஎல்ஜேவுக்கு அனுமதி கிடையாது, பூஜ்யப் பட்டியலில் அது இல்லாமல் வேலையே நடக்காது. எந்தப் பட்டியலில் ஆடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடுபவர் யாரை ஏமாற்றுகிறார்? ஒன்றில் ஆடிவிட்டு மற்றொன்றில் ஆடியதாகச் சொன்னால்தான் அது பொய். பழைய கருவியைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டரில் ஒவ்வொரு ஃப்ரேமாக, அதாவது திரையில் தோன்றும் ஒவ்வொரு படமாக, நிறுத்தி நிறுத்திச் செய்த ஆட்டத்தைக் கையால் ஆடியதாகக் காட்டுவதும் அப்படித்தான்.

மறுமொழி 2: நீளத்துண்டு

நிரலில் ஓட்டை இருந்தால்தான் உருவாக்கியவர் நினைக்காத வழியில் ஆட முடியும் என்ற எண்ணம் இந்த உரையாடலில் ஓடுவதாகத் தோன்றுவதால், நான் பெரிதும் நேசிக்கும் ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கி வரிசைகளை நிரப்பி நீக்கும் ஆட்டம் டெட்ரிஸ். 1989 இல் நின்டென்டோவின் என்இஎஸ் கருவிக்கு வந்த அதன் பதிப்பில் 29 ஆம் நிலையை அடைந்ததும், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு கட்டம் என்ற வேகத்தில் துண்டுகள் விழத் தொடங்கும். நொடிக்கு ஏறத்தாழ 60 ஃப்ரேம்கள். பலகையின் உயரமோ 20 கட்டங்கள்தான். ஆகவே மேலே தோன்றிய துண்டு காலி இடத்தில் தரைக்கு வர மூன்றில் ஒரு நொடியே ஆகும். பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் துண்டு ஆறு ஃப்ரேமுக்கு ஒரு கட்டம்தான் பக்கவாட்டில் நகரும் என்பதால், அது ஓரத்தை எட்டுவதற்குள் கீழே அமர்ந்துவிடும். அதனால் 29 தான் ஆட்டத்தின் முடிவு என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய எல்லோரும் நம்பினார்கள். கட்டைவிரலை நடுக்கம்போல அதிரவைத்துப் பொத்தானைத் தட்டும் முறையில் தோர் ஆக்கர்லண்ட் என்ற ஆட்டக்காரர் 2011 இல் 30 ஆம் நிலையை எட்டிக் காட்டினார். அதன்பின் இளைஞர்கள் கன்ட்ரோலரைப் பிடிக்கும் விதத்தையே மாற்றினார்கள்: கட்டைவிரலைப் பொத்தான்மீது அசையாமல் வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் கன்ட்ரோலரின் முதுகை வரிசையாகத் தட்டினால், ஒவ்வொரு தட்டும் பொத்தானைக் கட்டைவிரலின் மேல் மோதவைக்கிறது. மிருதங்கத்தில் விரல்கள் அடுத்தடுத்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இதில் ஓட்டை எங்கே இருக்கிறது? நிரல் அப்படியேதான் இருந்தது, மாறியவை விரல்கள்தான். 138 ஆம் நிலைக்குப் பிறகு நிறங்களுக்கான அட்டவணை தீர்ந்துபோய், நினைவகத்தின் தொடர்பில்லாத பகுதியிலிருந்து ஆட்டம் நிறங்களை எடுக்கத் தொடங்குகிறது; சில நிலைகளில் துண்டுகள் கண்ணுக்கே சரியாகத் தெரிவதில்லை. அத்தனை தொலைவுக்கு யாரும் வரப்போவதில்லை என்று நினைத்ததால் அந்த இடத்தை எவரும் செப்பனிடவில்லை. 2023 டிசம்பர் 21 அன்று, 13 வயது அமெரிக்கச் சிறுவன் 157 ஆம் நிலையில் ஒரு வரிசையை நீக்கியபோது, மதிப்பெண்ணைக் கூட்டும் கணக்கு உரிய நேரத்துக்குள் முடியாமல் போனதால் ஆட்டம் உறைந்து நின்றது. அதற்கு முன் மனிதர் எவரும் அந்த ஆட்டத்தை அந்த இடத்துக்குக் கொண்டுசென்றதில்லை. அந்தக் காணொளியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஐயா, மகனோடு சேர்ந்து அதைப் பாருங்கள்.

மறுமொழி 3: எதிரணி

மேலே எழுதிய இருவரோடும் உடன்படுகிறேன். ஆயினும் இருவருமே தனியாக ஆடும் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். எதிரே இன்னொரு மனிதர் இருக்கும்போது கணக்கு வேறு. இணையத்தில் நான் ஆடிய ஒரு சுடும் ஆட்டத்தில், சுவருக்குள் புகுந்து நின்றுகொண்டு எங்களைச் சுட்டுக்கொண்டே இருந்த ஒருவரால் ஒரு மாலைப்பொழுதே வீணாயிற்று. அவரும் கொடுத்த பொத்தான்களைத்தான் அழுத்தினார். ஆனால் அவரை நாங்கள் திருப்பிச் சுட வழியில்லை.

அதே வேளையில், எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓட்டை ஆட்டத்தையே வளர்த்துவிடுவதும் உண்டு. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ இல் ஓர் அடியிலிருந்து அடுத்த அடிக்கு எதிராளி தப்ப முடியாதபடி தொடரும் காம்போ திட்டமிட்டு வைத்ததன்று. தயாரிப்பாளர் ஃபுனாமிசு அதைக் கவனித்தும், பயன்படுத்துவது மிகக் கடினம் என்று கருதி விட்டுவைத்தார். இன்று காம்போ இல்லாத சண்டை ஆட்டத்தைக் காண்பதே அரிது. ‘குவேக் 3’ என்ற சுடும் ஆட்டத்தை உருவாக்கியபோது அதன் நிரலாளர் ஜான் கார்மாக், பக்கவாட்டில் திரும்பித் தாவி வேகம் கூட்டும் ஸ்ட்ரேஃப் ஜம்ப்பை ஒரு பிழை என்றே வெளிப்படையாகச் சொல்லி நீக்க முயன்றார். நீக்கியபின் சாதாரண ஓட்டமே கெட்டுப்போனதால் பழையபடியே விட்டுவிட்டார். எதிரில் இருப்பவருக்கும் அதே வழி தெரியுமா, அவருக்கும் அது எட்டுமா என்றுதான் நான் கேட்பேன். தங்கள் மகன் படிக்கட்டில் தாவுவதால் யாருக்கும் நட்டமில்லை.

படிக்கட்டு

மூவருக்கும் நன்றி. பதிப்பின் கதையைச் சொன்னதும் மகன் முகத்தில் தெரிந்த நிம்மதியை எழுதிக் காட்ட இயலாது. பத்து நாட்களாகத் தன் கைகளைத்தான் நொந்துகொண்டிருந்தான். ஒன்றரை மடங்குக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தோம். பன்னிரண்டு தாவலில் வேகம் நூற்று இருபது மடங்கைத் தாண்டிவிடுகிறது. குறை எண்ணை மறந்த அந்தச் சோதனையை வகுப்பில் சொல்ல வைத்திருக்கிறேன்.

குதிக்கும் பொத்தானைத் தொடாமலே எத்தனை நட்சத்திரம் எடுக்கலாம் என்று ஆராய்பவர்கள் இருப்பதாகப் படித்து, நேற்று இரவு அதைத் தொடங்கினான். முதல் களத்துக்குள் நுழைந்ததிலிருந்து மலையைச் சுற்றி நடந்தே உச்சிக்கு ஏறி, அங்கே இருக்கும் பாப்-ஆம்ப் அரசன் என்ற எதிரியைப் பின்னாலிருந்து தூக்கி மூன்று முறை எறிந்து முதல் நட்சத்திரத்தை எடுத்துவிட்டான். இரண்டு முறை பழக்கதோஷத்தில் விரல் குதிக்கும் பொத்தானுக்குப் போனது. அந்த இரண்டு முறையும் அவனாகவே களத்தை விட்டு வெளியேறி மறுபடியும் அடிவாரத்திலிருந்து தொடங்கினான். நான் எதுவும் சொல்லவில்லை. இன்று மாலை என் முறை.